ரிசெலின் இடது கை யாருடையது?

இந்த அவைக்குத் தலைமையேற்று, நான் எவ்வளவு நேரம் இழுப்பேனோ என்ற கவலையோடு கைக்கடிகாரத்தைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் மக்கள் மன்றத் தலைவர் ஒகிமுரா அவர்களே! கொட்டுகிற மழையைக் குடையால் தள்ளிக்கொண்டு மட்சுயேவுக்கு வந்து சேர்ந்திருக்கும் கரையோர ஊர்களின் ஆட்டக்காரப் பெருமக்களே! சட்டைப் பையில் பகடையும் கைப்பையில் சோற்றுருண்டையுமாய்க் காலையிலேயே வந்து இடம்பிடித்த இளைஞர்களே! "இந்த வயசுல இது என்ன விளையாட்டு" என்று வீட்டில் கேட்டுவிட்டு, கேட்ட கையோடு காரை எடுத்து இங்கே கொண்டுவந்து இறக்கியும் விட்ட பெரியவர்களே! பக்கத்து அறையில் பாட்டுப் பயிற்சி முடித்து, இங்கே தேநீரும் இனிப்பும் உண்டு என்று கேள்விப்பட்டு வந்தமர்ந்திருக்கும் சேர்ந்திசைக் குழுவின் அன்னையரே! அனைவருக்கும் என் அன்பு கலந்த, அச்சம் கலந்த, கொஞ்சம் ஆவலும் கலந்த வணக்கம்.

நான் இவாசே கயோ. பல் செட் செய்வது என் தொழில். வாசல் பலகையில் "ஒற்றைக்கை வில்லாளி பேசுகிறார்" என்று எழுதி வைத்துவிட்டார்கள். அதை நம்பி வந்த அம்மாக்கள் சிலர் என் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பாருங்கள், நன்றாகப் பாருங்கள். இரண்டு கையும் இருக்கின்றன, பத்து விரலும் இருக்கின்றன. கை போனது எனக்கு அல்ல, ரிசெலுக்கு. ரிசெல் யார் என்றால், நான்தான். என்ன, குழப்பமாக இருக்கிறதா? பொறுங்கள். அந்தக் குழப்பத்தைப் பற்றிப் பேசத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள்.

ஆட்டம் அறியாத அன்னையருக்காக ஒரு வார்த்தை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறோம். ஒருவர் கதை நடத்துபவர். காடு, கோட்டை, காற்று, மழை, அரக்கன், அரசன் எல்லாம் அவரே. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறோம். "நான் கதவைத் திறக்கிறேன்" என்று வாயால் சொல்கிறோம். திறந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்கிறது. ஒப்பனை கிடையாது, ஓட்டம் கிடையாது, ஒரு காகிதம், ஒரு பென்சில், ஒரு பிடி பகடை, அவ்வளவுதான். அந்தக் காகிதத்தில் வாழ்கிறவள்தான் ரிசெல். வில்லாளி. கோபக்காரி. முகத்தில் அடித்தாற்போலப் பேசுகிறவள்.

ஆனால் அவளை ஆட வந்த நான் எப்படிப்பட்டவள்? பேசாதவள். பேசத் தெரியாதவள் அல்ல, பேசத் துணியாதவள். எங்கள் மேசையில் சேர்ந்து மூன்று வருடம், என் வாயிலிருந்து வந்த வசனம் ஒன்றே ஒன்று. "எய்கிறேன்." அரக்கன் வந்தாலும் எய்கிறேன். ஆந்தை வந்தாலும் எய்கிறேன். ஒருமுறை அரசர் விருந்துக்கு அழைத்தபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதும் பதற்றத்தில் எய்கிறேன் என்றுவிட்டேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். அன்றைக்கு மேசையில் இருந்த யாரும் சிரிக்கவில்லை. நம் ஆட்கள் அல்லவா? என் மனம் புண்படுமே என்று கதை நடத்தும் நகுமோ சான் அரசரை நகர்த்தி, அவருக்குப் பின்னால் ஒரு கொலைகாரனை நிறுத்தி, என் அம்பை அவன்மேல் பாய்ச்சி, என்னை வீராங்கனை ஆக்கிவிட்டார். எவ்வளவு பெருந்தன்மை! எவ்வளவு பெரிய தர்மசங்கடம்!

எங்கள் மேசை ஆட்களைச் சொல்லிவிடுகிறேன், நாலே பேர்தான். நகுமோ சானுக்கு நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் வேலை. விதி என்றால் விதி என்பார். டோகுரா சான் நெடுந்தூரப் பேருந்து ஓட்டுகிறவர். மலை மாதிரி உடம்பு, வெண்ணெய் மாதிரி மனசு. அவர் ஆடுவது கால்தோ என்ற குதிரை வீரன். மிசாவோ சான் மதியச் சாப்பாட்டுப் பெட்டிக் கடை வைத்திருப்பவர். அவர் ஆடுவது ஒரு பூசாரியை. ஊருக்கெல்லாம் ஊட்டிவிட்டே பழகிய கை, ஆட்டத்திலும் மற்றவர் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே இருக்கும். நாலாவது ஆள் நான்.

இனி காயத்துக்கு வருகிறேன்.

ஒரு பாலத்தில் சண்டை. அரக்கனின் கோடரி வீச்சில் ரிசெல் சாய்ந்தாள். சாய்ந்தவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க இரண்டு பகடை உருட்ட வேண்டும். உருட்டினேன். இதிலும் ஒன்று, அதிலும் ஒன்று. ஆட்டக்காரர்கள் எல்லோரும் "அய்யோ" என்கிறீர்களே, தெரிகிறதல்லவா? இரட்டை ஒன்று. அதைவிடக் கேடான எண் பகடையில் கிடையாது. நகுமோ சான் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தண்ணீர் வராத தெருக்களை அறிவிக்கிற அதே குரலில் வாசித்தார்: இடது கை, முழங்கைக்குக் கீழே, நிரந்தரமாக.

நிரந்தரமாக! அன்பர்களே, அந்த ஒரு சொல்தான் இன்றைய பொருள். வெட்டுக் காயம் ஆறும், விஷக் காய்ச்சல் தீரும், செத்தவனைக்கூடச் சில ஆட்டங்களில் எழுப்பிவிடலாம். நிரந்தரக் காயம் அப்படியா? வாரா வாரம் ஆட உட்காரும்போதெல்லாம் அது நமக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். வில்லாளிக்குக் கை போனால் அவள் வில்லாளியா? அந்தக் கையை எடுத்தது யார்? பகடையா? புத்தகமா? நகுமோ சானா? எடுத்தவர் எவரானாலும், போன கை யாருடைய கை?

மிசாவோ சான் வாயைப் பொத்திக்கொண்டார். டோகுரா சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் "சரி" என்றேன். பிறகு வழக்கம்போல் உட்காரும் மெத்தைகளை அடுக்கி, பாயைத் துடைத்து, மன்றத்து அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு உணவகத்துக்குப் போனோம். அங்கே முலாம்பழ சோடாவைக் குடித்தபடி எல்லோரும் எல்லாவற்றையும் பேசினார்கள், கையைத் தவிர. அடிபட்டவளிடம் அடியைப் பற்றிப் பேசுவது நாகரிகம் அல்ல அல்லவா?

நான் அழுதேனா? இல்லை. எனக்கே வியப்பாக இருந்தது. சைக்கிளில் வீடு திரும்பும்போது என் தலைக்குள் ஒரே ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. ஒற்றைக் கையால் அவள் தலையை எப்படிப் பின்னிக்கொள்வாள்?

வீட்டுக்கு வந்ததும் என் இடது கையைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு பின்னிப் பார்த்தேன். முடியவில்லை. நாட்டோ பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். சோயா மொச்சை சட்டையில், கடுகுச் சாந்து கண்ணாடியில். பாத்திரத்தை முழங்காலுக்கிடையே இடுக்கலாம் என்று கண்டுபிடித்தேன். சாக்குப் பையைப் பல்லால் கட்டலாம் என்று கண்டுபிடித்தேன். பல்! உடனே மூளையில் மணி அடித்தது. மறுநாளே நகராட்சி வில் பயிற்சிக் கூடத்துக்குப் போய், அங்கிருந்த ஆசிரியரிடம், வலது கையால் வில்லைப் பிடித்துக்கொண்டு நாணைப் பல்லால் இழுத்தால் அம்பு போகுமா என்று கேட்டேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. வில்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போகும். ஆனா பல்லு போயிடும்" என்றார்.

"பல்லு என் பொறுப்பு" என்றேன்.

அன்னையரே, அன்பர்களே, என் வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஒருவருக்கு நான் வெடுக்கென்று பதில் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்னது நானா, ரிசெலா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த ஆட்டத்தில் ரிசெல் ஒரு கொல்லன் பட்டறைக்குப் போனாள். நாணில் பூட்டிக் கடிப்பதற்கு ஒரு பட்டை வேண்டும், அது என் பல் வரிசைக்கு அச்சாகப் பொருந்த வேண்டும் என்றாள். கொல்லனாக வந்த நகுமோ சான் முடியாது என்றார். முடியும் என்றாள் ரிசெல். மெழுகில் அச்சு எடுப்பது எப்படி, கடைவாய்ப் பல்லில் பாரம் இறங்குவது எப்படி, தோல் எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று நின்ற நிலையில் ஒரு பாடமே நடத்தினாள். பேரம் பேசினாள், திட்டினாள், கெஞ்சினாள், கொல்லனின் தாடியைக் கிண்டல் செய்தாள். கை போன கதையைக் கேட்ட கொல்லன் மகளிடம் மூன்று விதமான பொய் சொன்னாள். டோகுரா சான் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து அறையில் பாட்டே முடிந்துவிட்டது, நான் முடிக்கவில்லை. அன்றைக்கு "என்ன அங்கே ஒரே சத்தம்" என்று கதவைத் திறந்து பார்த்த அம்மா அதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார். ஆமாம், நீங்கள்தான். மறைந்துகொள்ளாதீர்கள்.

மூன்று வருடம் மூடிக் கிடந்த வாய் முழங்கைக்குக் கீழே வெட்டுப்பட்டதும் திறந்துகொண்டது. இது என்ன விந்தை! வலக்கை வில்லைப் பிடிக்க, வாய் நாணை இழுக்க, அந்த வாயே மீதி நேரமெல்லாம் வம்பும் இழுத்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குப் பாட்டு வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த ஆட்டத்துக்கு என்னால் போக முடியவில்லை. வருடக் கடைசி. புத்தாண்டுக்கு முன் புதுப் பல் வேண்டும் என்று பாதி ஊர் கேட்கும். நான் பட்டறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அந்த நாளில், மேசையில் மூன்று நல்ல மனிதர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்.

என்ன செய்தார்கள்? நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஒருவர் நோயில் விழுந்தால் வெறுங்கையோடு போய்ப் பார்ப்போமா? அவர்களும் போகவில்லை. எல்லோருமாகப் பாடுபட்டு வென்ற நாகக் கண்ணீர் என்ற மணியை ஒரு கோயிலில் காணிக்கையாகக் கொடுத்து, பூசாரியை வைத்து மந்திரம் சொல்லி, ரிசெலின் இடது கையைத் திரும்ப முளைக்க வைத்துவிட்டார்கள். நலம் விசாரிக்கும் பரிசு. முளைத்த கை!

நான் திரும்பி வந்த அன்று என் மெத்தைமேல் ஓர் உறை இருந்தது. சிவப்பும் வெள்ளையுமான கயிறு, அவிழ்க்க முடியாத முடிச்சு. நோய் மறுபடி வரக்கூடாது என்பதற்காகப் போடுகிற முடிச்சு. மிசாவோ சான் அதை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"இவாசே சான், உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எங்களுக்குத் தெரியும். சும்மாவா அன்னைக்கு அவ்வளவு நேரம் பேசினீங்க. மனசு தாங்காமத்தானே" என்றார்.

கேட்டீர்களா? நான் பூரித்துப் பேசியதை அவர்கள் புலம்பல் என்று எடுத்துக்கொண்டார்கள். மூன்று வருடம் பேசாதவள் திடீரென்று பேசினால் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? பாவம், கை போன துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று மனமுருகிவிட்டார்கள். என்னிடம் கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்டால் புண்ணைக் கிளறியதாகுமே! நான் மறுத்தேனா? மறுக்கவில்லை. மறுத்தால் பரிசைத் தள்ளியதாகுமே! அவர்கள் எனக்காக அடங்க, நான் அவர்களுக்காக அடங்க, பண்புக்குமேல் பண்பைச் சுற்றி, பட்டுத் துணியில் பொதிந்து, என் கதையை எனக்கே தெரியாமல் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நெற்றி பாயில் படக் குனிந்து, "இவ்வளவு எதுக்கு, ரொம்ப நன்றி" என்றேன்.

உறைக்குள் இருந்த என் காகிதத்தில் "இடது கை இல்லை" என்ற வரியை ரப்பரால் அழித்திருந்தார்கள். கடிக்கும் பட்டையையும் அழித்திருந்தார்கள். இனி அது எதற்கு? ஓநாய்கள் வந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"எய்கிறேன்."

அவ்வளவுதான், அன்பர்களே. அதன் பிறகு எத்தனையோ ஆட்டம், எத்தனையோ ஓநாய். எய்கிறேன், எய்கிறேன், எய்கிறேன். யாரும் எனக்குக் கெடுதல் செய்யவில்லை, அதுதான் கொடுமை. கோபப்பட ஓர் ஆள் இருந்தாலாவது கோபப்பட்டிருப்பேன். வேலை அதிகம் என்று ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டேன். அதைச் சொல்லி மெதுவாக விலகிவிடலாம், நாலு பேர் மேசை மூன்று பேர் மேசையாகட்டும் என்று முடிவே எடுத்துவிட்டேன்.

என்னை நிறுத்தியது எது தெரியுமா? வீரம் அல்ல, விவேகம் அல்ல. பதில் பரிசு.

ஆமாம். நோயில் பரிசு வாங்கினால் குணமானதும் பதில் பரிசு கொடுக்க வேண்டாமா? கொடுக்காமல் விலகினால் ஊர் சிரிக்காதா? வாங்கியதில் பாதி மதிப்புக்குக் கொடுப்பது நம் வழக்கம். ஆனால் வாங்கியது ஒரு கை. கைக்குப் பாதி என்ன? மணிக்கட்டு வரையா? என் அறிவுக்கு எட்டிய மட்டும் யோசித்துவிட்டு, கடைசியில் ஏரிக்கரை இனிப்புக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்கார அம்மா காகிதமும் கயிறுமாக நின்று, என்ன விசேஷம் என்று கேட்டார். நோய் குணமானதற்கு என்றேன். என்ன நோய் என்று கேட்டார். எனக்கு அந்த நிமிஷம் பொய் வரவில்லை.

"கை வளர்ந்துருச்சு" என்றேன்.

அந்த அம்மா இமைக்கவில்லை. "நல்லது. அப்போ பெரிய பெட்டியாவே எடுத்துக்கோங்க" என்றார். பிறகு கட்டிக்கொண்டே, பெரியவர்கள் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். "குணமான பரிசுன்னா தின்னு தீரணும், இல்ல கரைஞ்சு தீரணும். வீட்டுல தங்கக்கூடாது. தங்குச்சுன்னா நோயும் தங்கும்."

இனிப்பு, சோப்பு, தேயிலை. எதற்கு இவற்றையே கொடுக்கிறோம்? தீர்ந்து போவதற்கு. அது எனக்குத் தெரியாத செய்தியா? பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் அன்று அந்தக் கடையில், பெட்டியைக் கையில் வாங்கிய வேளையில், நான் சிரித்துவிட்டேன். எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

மேசைக்குப் போனேன். இனிப்புப் பெட்டியை நடுவில் வைத்தேன். எல்லோரும் வணங்கி எடுத்துக்கொண்டார்கள். அன்றைய கதை ஒரு பழைய சுரங்கம். சுரங்கத்துக்குள் ஒரு மதகு. குடிநீர்ப் பிரிவு ஆளிடம் கதையைக் கொடுத்தால் மதகு வராமல் இருக்குமா? டோகுரா சானின் கால்தோ உள்ளே மாட்டிக்கொண்டான். தண்ணீர் ஏறுகிறது. இரும்புக் கதவு இறங்குகிறது. நகுமோ சான் பகடையை என் பக்கம் தள்ளி, கதவைத் தாங்கிப் பிடிக்க உருட்டச் சொன்னார்.

நான் பகடையைத் தொடவில்லை. ரிசெல் தன் இடது கையைக் கதவின் பல்சக்கரத்துக்குள் கொடுக்கிறாள் என்றேன். முழங்கை வரை.

பக்கத்து அறையில் பாட்டு மட்டும் கேட்டது. உருட்டினால் தப்பிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறதே, கை போனால் இந்தத் தடவை நாகக் கண்ணீரும் இல்லையே என்று நகுமோ சான் மெல்லச் சொன்னார். வழக்கம்போல் தலையாட்டிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனாலும் பேச்சு வந்துவிட்டது.

"இது என் பதில் பரிசு. நீங்க குடுத்தது நல்ல கை. மனசாரக் குடுத்தீங்க, எனக்குத் தெரியும். ஆனா அந்தக் கை போனப்போதான் எனக்கு வாய் வந்துச்சு. கை வந்ததும் வாய் போயிடுச்சு. எனக்கு வாய்தான் வேணும்."

டோகுரா சான் அழ ஆரம்பித்துவிட்டார். கால்தோ தப்பித்ததற்கா, எனக்காகவா, அவரிடம் கேட்டால் அவருக்கே தெரியாது என்பார். ஆனால் மிசாவோ சானின் முகம் சிவந்துவிட்டது. கடித்த இனிப்பைக் கீழே வைத்தார்.

"அப்போ நாங்க செஞ்சது தப்பா? நல்லது நினைச்சுத்தானே செஞ்சோம்" என்றார்.

என்ன சொல்வது? தப்பு என்று சொன்னால் அவர் மனம் உடையும். இல்லை என்று சொன்னால் என் வாய் போகும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பழைய பழக்கம். அப்போது பேசியவர் யார் தெரியுமா? விதி என்றால் விதி என்கிற நகுமோ சான். விதிப் புத்தகத்தை மூடி மேசைக்குக் கீழே வைத்தார்.

"பகடை எடுத்தப்போவும் இவங்களைக் கேக்கல. நாம திருப்பிக் குடுத்தப்போவும் கேக்கல. இவாசே சான், இப்போ கேக்குறேன். இந்தக் கையை எடுத்துக்கட்டுமா?"

எடுத்துக்கட்டுமா! அவையோரே, என் வாழ்வில் இதைவிட மரியாதையான ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அரக்கன் கேட்கவில்லை, பகடை கேட்கவில்லை, அன்பும் கேட்கவில்லை. ஒரு குடிநீர்ப் பிரிவு ஊழியர் கேட்டார்.

"எடுத்துக்கோங்க" என்றேன்.

மிசாவோ சான் இனிப்புப் பட்ட விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் பென்சிலை எடுத்தார். என் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, எதை எழுதலாம் எதை எழுதக்கூடாது என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். இடது கை இல்லை. கடிக்கும் பட்டை உண்டு. "பட்டை தோல்தானே, அதுல மிளகு தடவி வைக்கலாமா, இல்ல நாக்கு எரியுமா" என்று கேட்டார். சமையல்காரி அல்லவா! எரியும் என்றேன். கோபத்தை அவர் விட்டுவிட்டார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இங்கே மூன்றாம் வரிசையில் ஒரு தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள் தம்பி. ஆமாம்... ஆமாம்... நல்ல கேள்வி. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. "கேட்டுக் கேட்டு எடுத்தால் எல்லோரும் சுண்டு விரலைத்தானே கொடுப்பார்கள், அப்புறம் ஆபத்துக்கு என்ன மரியாதை" என்கிறார். சபாஷ்! எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. நகுமோ சானுக்கு அதில் தூக்கமே போய்விட்டது. ஆகவே என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன், முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

பனி உருகும் காலம். டோகுரா சான் உருட்டினார். இரட்டை ஒன்று. இந்தத் தடவை அடி தலையில், புத்தகத்தைப் பார்த்தால் இரண்டு கண்ணும் போக வேண்டும். நகுமோ சான் வாசிக்கப் போனவர் நிறுத்திவிட்டார். இவ்வளவு பாரமான காயம் விழுந்திருக்கிறது, பாரத்தை நான் குறைக்க மாட்டேன், ஆனால் அது எங்கே விழ வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள் என்றார். டோகுரா சான் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு மட்டும் வேண்டாம், நகுமோ சான். கம்பெனியில கண் பரிசோதனை வருது. ராத்திரியில எதிர் வண்டி லைட்டு இப்போல்லாம் கலங்குது. யார்கிட்டயும் சொல்லல. இங்க வந்துதான் அதை மறந்து இருக்கேன்."

மூன்று வருடத்துக்கும் மேலாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிறோம், எங்களுக்கு அது தெரியாது. பகடைக்குத் தெரியுமா? புத்தகத்துக்குத் தெரியுமா? கேட்காமல் எடுத்திருந்தால், அந்த மனிதர் கண்ணில்லாத வீரனாக வாரா வாரம் எங்கள் முன்னால் உட்கார்ந்து, யாருக்கும் சொல்லாமல் உள்ளுக்குள் நடுங்கியிருப்பார். நாங்கள் அவருக்கும் ஓர் உறை கட்டிக் கொடுத்திருப்போம்!

தம்பி, அவர் சுண்டு விரலையா கொடுத்தார்? இடுப்பை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, "இடுப்பை எடுத்துக்கோங்க. கால்தோ இனிமே குதிரை ஏற மாட்டான். இடுப்பு வலின்னா எனக்குப் பழக்கம், நல்லாவே நடிப்பேன்" என்றார். குதிரை வீரனுக்குக் குதிரையே போயிற்று! பகடை கேட்டதைவிடக் குறைவா அது? கால்தோ இன்றைக்கும் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேதான் வருகிறான். குதிரைக்கு வயதாகிறது, அவனுக்கும் ஆகிறது, இருவரும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் மேசையின் மிகச் சிறந்த கதை இப்போது அதுதான். கண் பரிசோதனை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கண்ணாடி போட்டு ஓட்டுகிறார். இந்த ஊருக்கு உங்களில் பாதிப் பேரை இன்று காலை கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான்.

ஆகவே எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், பெரியோர்களே. நியாயம் என்றால் எல்லோருக்கும் ஒரே காயமா? அப்படியானால் என் கையும் டோகுரா சானின் கண்ணும் ஒன்றா? எனக்குக் கை போனது திருவிழா. அவருக்குக் கண் போவது திகில். காயத்தின் பாரத்தைப் பகடை சொல்லட்டும், அதைக் குறைக்காதீர்கள், குறைத்தால் ஆட்டம் சப்பென்று போய்விடும். ஆனால் காயத்தின் இடத்தை அதைச் சுமக்கப் போகிறவர் சொல்லட்டும். எடுக்கும்போதும் கேளுங்கள், திருப்பித் தரும்போதும் கேளுங்கள். அதிலும் நம் ஆட்களுக்குச் சொல்கிறேன், திருப்பித் தரும்போது இரண்டு மடங்கு கேளுங்கள்! கேட்பது புண்ணைக் கிளறுவது அல்ல. புண் யாருடையது என்று ஒப்புக்கொள்வது.

பிடுங்கினால் ஒரு விரலைக்கூட ஒளித்துக்கொள்வோம். கேட்டால்? இடுப்பைக் கொடுத்தார் ஒருவர். கையைக் கொடுத்தாள் ஒருத்தி. இன்னும் யார் யார் எதை எதைக் கொடுப்பார்கள் என்று பார்க்க எனக்குத் தாங்க முடியாத ஆவல். இன்று மதியம் நாற்பது மேசையிலும் பகடை உருளும்போது தயவுசெய்து கேட்டுப் பாருங்கள், வந்த பதிலை எனக்கும் சொல்லுங்கள்.

தலைவர் கடிகாரத்தைக் கழற்றியே கையில் வைத்துக்கொண்டுவிட்டார். முடித்துவிடுகிறேன், ஒகிமுரா சான்.

இந்த மேடைக்கு நான் எப்படி வந்தேன்? போன மாதம் நகுமோ சான் மேசையில் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டார். "இவாசே சான், ஆட்டக்காரர் சந்திப்புல ஒருத்தர் பேசணுமாம். உங்க பேரைக் குடுக்கட்டுமா? வேண்டாம்னா குடுக்கல" என்றார். மூன்று வருடம் ஒரே வார்த்தை பேசியவளிடம் போய் ஒருவர் இதைக் கேட்கலாமா? மிசாவோ சான் மூச்சைப் பிடித்துக்கொண்டார். டோகுரா சான் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். நான் என் காகிதத்தைப் பார்த்தேன். இடது கை இல்லை என்ற வரி மிசாவோ சானின் கையெழுத்தில் அழுத்தமாக இருந்தது. "குடுங்க" என்றேன்.

என்னை அழைத்த மன்றத்துக்கு நன்றி. என்னைக் கேட்ட நகுமோ சானுக்கு நன்றி. கை கொடுத்த மிசாவோ சானுக்கும், அந்தக் கையால் உயிர் பிழைத்த டோகுரா சானுக்கும் நன்றி. பாட்டை நிறுத்திவிட்டு என் கதையைக் கேட்ட அன்னையருக்கு நன்றி. இனிப்பு பின்னால் இருக்கிறது, தீரும்வரை சாப்பிடுங்கள், அது தீர்ந்து போவதற்காகவே வாங்கியது. இவாசே கயோவின் இரண்டு கையும் ரிசெலின் ஒரு கையுமாக, மூன்று கரம் சேர்த்து உங்களை வணங்கி விடைபெறுகிறேன்.

வணக்கம்.